ஊர்க்காசில் புராணம்: ரோமானிய மாகாண வெண்கல நாணயங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய காசுகளில் எனக்கு மிகவும் பிடித்தவை தங்கமும் வெள்ளியும் அல்ல. ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில் சின்னச் சின்ன ஊர்கள் தாங்களே அடித்துக்கொண்ட வெண்கலக் காசுகள்தான். அவற்றைக் காட்டும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

மாகாண நாணயம் என்றால் என்ன?

தங்கம், வெள்ளிக் காசுகளைப் பெரும்பாலும் பேரரசே அடித்தது. ஆனால் சந்தையில் ரொட்டி வாங்கவும் குளியல் கூடத்துக்குள் நுழையவும் சில்லறை வேண்டுமே? அந்தச் சில்லறையைக் கிழக்குப் பகுதியில் அந்தந்த ஊரே அடித்துக்கொண்டது. இன்றைய கிரீஸ், பல்கேரியா, துருக்கி, சிரியா, லெபனான், எகிப்து என்று பரந்த நிலத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நகரங்கள் இப்படிக் காசு வெளியிட்டன. காலம் ஏறத்தாழ கி.மு. 44 முதல் கி.பி. 296 வரை. ஸ்பெயின் போன்ற மேற்குப் பகுதிகளிலும் தொடக்கத்தில் இந்த வழக்கம் இருந்தது. அங்கே பேரரசர் கிளாடியஸ் காலத்தோடு, அதாவது முதல் நூற்றாண்டின் நடுவிலேயே, நின்றுவிட்டது.

காசின் இரண்டு பக்கத்திலும் என்ன இருக்கும்?

தலைப்பக்கத்தில் பெரும்பாலும் பேரரசரோ அவர் வீட்டாரோ இருப்பார்கள். சில ஊர்கள் பேரரசருக்குப் பதிலாக ரோமானிய செனட்டையோ தங்கள் ஊர் மக்களையோ ஓர் உருவமாக்கித் தலைப்பக்கத்தில் வைத்தன. ஏதென்ஸ் அதுவும் செய்யவில்லை. பேரரசர் காலத்திலும் தன் காவல் தெய்வம் அதீனாவின் தலையைத்தான் வைத்தது.

சுவையெல்லாம் மறுபக்கத்தில். பூவா தலையா என்று சுண்டுகிறோமே, அந்தப் பூப்பக்கம். அது ஊருக்குச் சொந்தமான இடம். எங்கள் கோயில், எங்கள் ஆறு, எங்கள் தெய்வம், எங்கள் ஊர் பிறந்த கதை எல்லாம் அங்கே வரும். சுற்றிலும் கிரேக்க எழுத்தில் “எபேசியர்களுடையது”, “ஸ்மிர்னாக்காரர்களுடையது” என்ற பொருளில் ஊர்மக்கள் பெயர் இருக்கும். அந்த ஆண்டு பொறுப்பில் இருந்த அதிகாரியின் பெயரும் பல காசுகளில் உண்டு.

சில்லறைக் காசில் போய் ஏன் புராணக் கதை?

நம் மொழியில் இதற்கு ஒரு சொல் தயாராகவே இருக்கிறது: தலபுராணம். “அந்தக் கதை எங்கோ நடந்ததல்ல, இதோ இந்த ஆற்றங்கரையில், இந்தப் பாறையடியில் நடந்தது” என்று ஊர் உரிமை கொண்டாடுவது. அந்த உரிமையைத்தான் இந்தக் காசுகள் அச்சடித்துக் காட்டுகின்றன.

பெருமைக்கு மட்டும் செய்யவில்லை. பழமைக்கு அன்று கை மேல் பலன் இருந்தது. கி.பி. 26-இல், பேரரசர் திபேரியஸுக்குக் கோயில் கட்டும் உரிமை தங்களுக்கே வேண்டும் என்று ஆசிய மாகாணத்தின் (இன்றைய மேற்குத் துருக்கி) 11 நகரங்கள் ரோமுக்குத் தூதரை அனுப்பி வாதாடின. வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஸ்மிர்னாக்காரர்கள் தங்கள் ஊரை நிறுவியது சீயஸின் மகன் தாந்தலஸ், இல்லையென்றால் தீசியஸ், அதுவும் இல்லையென்றால் ஓர் அமேசான் வீராங்கனை என்று அடுக்கினார்கள். பழைய டிராய் இருந்த இடத்தில் வாழ்ந்த இலியோன்காரர்கள், ரோமுக்கே தாய்வீடு நாங்கள்தான் என்றார்கள். ஆனால் பழம்பெருமை ஒன்றைத் தவிர அவர்களிடம் வேறு வலு இல்லை என்று செனட் ஒதுக்கிவிட்டது. வென்றது ஸ்மிர்னா. ரோமுக்கு அது செய்திருந்த உதவிகளும் கணக்கில் சேர்ந்தன. இரட்டைக் கோடரி ஏந்திய அந்த அமேசானை ஸ்மிர்னாக் காசுகளில் இன்றும் பார்க்கலாம்.

இலியோனுக்கும் ஒரு நாள் வந்தது. கி.பி. 53-இல், பதினாறு வயது நீரோ அவர்களுக்காகப் பேசினான். டிராயின் ஈனியாஸ்தான் ரோமானியரின் மூதாதை என்ற பழங்கதையையே வாதமாக வைத்தான். ஊருக்கு வரிவிலக்கு கிடைத்தது! தந்தையைத் தோளில் சுமந்து, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு எரியும் நகரை விட்டு வெளியேறும் ஈனியாஸும், தேரில் பாயும் டிராய் வீரன் ஹெக்டரும் இலியோன் காசுகளில் திரும்பத் திரும்ப வருவதை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். ஹெக்டருக்குப் பக்கத்தில் பெயரையும் பொறித்தார்கள். யாரும் வேறு வீரன் என்று நினைத்துவிடக் கூடாதல்லவா.

நோவாவின் பேழை ரோமானியக் காசில் இருக்கிறதாமே, உண்மையா?

உண்மை. இந்தக் காசைப் பற்றிச் சொல்ல எனக்கு எத்தனை பக்கம் கொடுத்தாலும் போதாது.

ஊரின் பெயர் அபாமியா. இன்றைய துருக்கியில் தினார் என்னும் ஊர் இருக்கும் இடம். காசில் வலப்பக்கம் தண்ணீரில் மிதக்கும் ஒரு சதுரப் பெட்டி. அதற்குள் மார்பளவில் ஓர் ஆணும் பெண்ணும். திறந்த மூடியின்மேல் ஒரு பறவை. இன்னொரு பறவை காலில் கிளையோடு பறந்து வருகிறது. இடப்பக்கம் அதே ஆணும் பெண்ணும் கரையேறி, வலக்கையை உயர்த்தி நிற்கிறார்கள். ஒரே சட்டத்துக்குள் கதையின் இரண்டு கட்டங்கள். பெட்டியின்மேல் மூன்றே கிரேக்க எழுத்துகள், நூ, ஓமேகா, எப்சிலான்: “நோஏ”. நோவாதான். பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் (193–211) தொடங்கிய இந்த அச்சு, ட்ரெபோனியானஸ் காலஸ் காலம் (251–253) வரை அவ்வப்போது வந்தது. தலைப்பக்கத்தில் இருந்த பேரரசர்கள் ஒருவரும் கிறிஸ்தவரோ யூதரோ அல்ல.

சரி, இந்த ஊருக்கும் நோவாவுக்கும் என்ன தொடர்பு? அபாமியாவுக்குக் “கிபோதோஸ்” என்று ஒரு பட்டப்பெயர் நெடுங்காலமாக இருந்தது. கிபோதோஸ் என்றால் பெட்டி. கிரேக்க விவிலியம் நோவாவின் கலத்தைக் குறிக்க எடுத்த சொல்லும் அதுவே. தமிழ் வாசகருக்கு இந்தச் சிலேடையை விளக்கவே வேண்டாம். நம் விவிலியத்திலும் அது கப்பல் இல்லை, பேழை. பேழை என்றாலும் பெட்டிதானே. காசில் உள்ள கலத்துக்கு முனையும் இல்லை, பாயும் இல்லை. துணி வைக்கும் மரப்பெட்டிபோல இருப்பதற்குக் காரணம் அந்தச் சொல்தான்.

ஊரில் யூதர்கள் பழங்காலம் முதலே வாழ்ந்தார்கள். கி.மு. 62-இல் ரோமானிய ஆளுநர் ஃபிளாக்கஸ், யூதர்கள் எருசலேம் கோயிலுக்கு அனுப்பச் சேர்த்து வைத்திருந்த பொன்னை அபாமியாவில் பறிமுதல் செய்தார். கிட்டத்தட்ட நூறு ராத்தல் என்று சிசரோவின் வழக்குரை சொல்கிறது. அவ்வளவு பொன் திரண்ட சமூகம் சிறியதாக இருந்திருக்காது. அவர்கள் சொன்ன கதையும் ஊரின் பழைய பட்டப்பெயரும் ஒன்று கலந்து, கடைசியில் ஊரே அந்தக் கதையைத் தன் கதையாக எடுத்துக்கொண்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். நோவாவின் கதையைத் தங்கள் காசில் போடுவதற்கு கிரேக்க தெய்வங்களைக் கும்பிட்ட நகரசபை இடம்கொடுத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

அதே ஊர், அதே செவரஸ் காலத்தில், இன்னொரு கதையையும் அடித்தது. அதீனா ஒரு பாறையில் அமர்ந்து இரட்டைக் குழல் ஊதுகிறாள். தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கிறாள், கன்னம் உப்பியிருக்கிறது. வெறுப்பில் குழலை எறியப் போகிறாள். பின்னால் மேட்டிலிருந்து மார்சியாஸ் என்னும் காட்டுவாசி பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன்தான் அந்தக் குழலை எடுத்து ஊதி, இசைத் தெய்வம் அப்போலோவையே போட்டிக்கு அழைத்து, தோற்று, தோலுரிக்கப்பட்டவன். அவன் தோல் இந்த ஊரில்தான் தொங்கியது என்று பழைய கிரேக்க எழுத்தாளர்கள் ஹெரோடோட்டஸும் செனோபோனும் எழுதியிருக்கிறார்கள். ஊரில் ஊற்றெடுக்கும் ஆற்றுக்கும் மார்சியாஸ் என்றே பெயர். காசில் அச்சுவெட்டியவர் தோலுரிக்கும் காட்சியைத் தொடவில்லை. எல்லாம் தொடங்குவதற்கு முந்தைய அந்தக் கணத்தை எடுத்தார். காசுகளில் இதைவிட நுட்பமான காட்சியை நான் பார்த்ததில்லை.

கதைகளை அதிகம் காசில் போட்ட ஊர் எது?

எண்ணிச் சொல்ல மாட்டேன், ஆனால் என் மனசுக்கு தீருதான். விவிலியத்தில் வரும் அதே தீரு பட்டணம், இன்றைய லெபனான் கடற்கரையில் இருப்பது. செப்டிமியஸ் செவரஸ் அதற்கு ரோமானியக் குடியேற்ற நகரம் என்ற தகுதி கொடுத்தார். அதன்பின் காசில் லத்தீன் எழுத்து வந்தது. மூன்றாம் நூற்றாண்டில் அந்த ஊர் தன் பழங்கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடித்தது.

ஒரு காசில் இளவரசி டைடோ, கார்த்தேஜ் நகரத்தின் வாயிலைக் கட்டும் வேலையை மேற்பார்க்கிறாள். கார்த்தேஜைப் பெற்றதே எங்கள் ஊர்ப் பெண் என்று பொருள். இன்னொன்றில் இரண்டு பாறைகள், நடுவே ஒரு ஒலிவ மரம். “அம்புரோசியப் பாறைகள்” என்று பெயரும் இருக்கிறது. கடலில் மிதந்துகொண்டிருந்த அந்தப் பாறைகள் நிலைத்து நின்ற இடத்தில்தான் நகரம் எழுந்ததாம். மூன்றாவது, ஒரு நாய் கடல் சங்கை முகர்ந்து நிற்கும் காசு. ஹெராக்ளீஸின் நாய் முள்சங்கைக் கடித்தபோது வாயெல்லாம் ஊதா நிறமானது, அப்படித்தான் தீருவின் சாயம் பிறந்தது என்பது கதை. பழைய தமிழ் விவிலியம் இரத்தாம்பரம் என்று சொல்லும் அந்தச் சாயம் இந்த ஊரின் செல்வம். பேரரசர்களின் உடைக்கே அது போனது.

எல்லாவற்றையும்விட கல்லியேனஸ் காலத்துக் (253–268) காசு ஒன்று. காட்மோஸ் ஒரு சுருளை நீட்டுகிறான். எதிரே நிற்பவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் “கிரேக்கர்கள்” என்று எழுதியிருக்கிறது. கிரேக்கருக்கு எழுத்தைக் கொடுத்தது பினீசியனான, அதாவது தீரு இருந்த கடற்கரை நாட்டவனான, காட்மோஸ் என்று ஹெரோடோட்டஸ் சொல்லியிருக்கிறார். தீரு அதைக் காசிலேயே போட்டுவிட்டது: நீங்கள் படிக்கும் எழுத்து எங்கள் வீட்டுச் சொத்து. கவனியுங்கள், ஊரின் பட்டம் லத்தீனில் இருக்கிறது, காட்மோஸின் பெயர் கிரேக்கத்தில். அரசாங்கத்துக்கு ஒரு மொழி, கதைக்கு ஒரு மொழி.

காதல் கதைகள் உண்டா?

அபைடோஸ் காசைத் தேடிப் பாருங்கள். டார்டனெல்ஸ் நீரிணையின் ஆசியக் கரையில் இருந்த ஊர். எதிர்க்கரை செஸ்தோஸில் வாழ்ந்த ஹீரோ என்ற பெண்ணைப் பார்க்க லியாண்டர் இரவுதோறும் நீந்திப் போவான். அவள் கோபுரத்தில் விளக்கேற்றுவாள். ஒரு புயல் இரவில் விளக்கு அணைந்தது, அவன் மூழ்கினான், அவளும் குதித்தாள். காசில் அவள் விளக்கோடு குனிந்து பார்க்கிறாள், அவன் அலையில் கைவீசுகிறான், மேலே காதல் தெய்வம் ஈரோஸ் தீப்பந்தத்தோடு பறக்கிறான். விளக்கு இன்னும் எரிகிறது.

எல்லாமே பழைய கதைகள்தானா? புதிதாய்ப் பிறந்த தெய்வம் ஏதாவது?

கிளைக்கோன். மனித முகமும் நீண்ட தலைமுடியும் கொண்ட பாம்பு. கருங்கடல் கரையில் அபோனோதெய்க்கோஸ் என்ற ஊரில், இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், அலெக்சாந்தர் என்பவர் தொடங்கிய வழிபாடு. அவரை நேரில் சந்தித்த அங்கத எழுத்தாளர் லூசியன், முழு ஏமாற்று என்று கோபமாக எழுதிவைத்தார். ஊர்ப் பெயரை இயோனோபோலிஸ் என்று மாற்றவும் புதிய காசு அடிக்கவும் அலெக்சாந்தர் பேரரசரிடம் மனுச் செய்தார் என்றும் அவர் சொல்கிறார். லூசியன் மிகைப்படுத்துகிறாரோ என்று சந்தேகம் வரும். ஆனால் கிளைக்கோன் பெயரோடு பாம்புக் காசுகள் கையில் இருக்கின்றன. ஊர்ப் பெயரும் மாறியது. இன்றைய இனெபோலு அதன் திரிபு. 1962-இல் ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சாவில் கிளைக்கோனின் பளிங்குச் சிலையே மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது.

தொல்லியலுக்கு இந்தக் காசுகளால் என்ன பயன்?

அழிந்துபோன சிலைகளுக்கு இவைதான் நிழற்படம். ஒலிம்பியாவில் ஃபீடியாஸ் செய்த சீயஸ் சிலை, ஏழு அதிசயங்களில் ஒன்று, இன்று இல்லை. அது எப்படி அமர்ந்திருந்தது என்பதற்கு ஹாட்ரியன் காலத்து எலிஸ் காசுகள் சான்று. சிற்பி பிராக்சிதெலெஸ் செய்த, நிடோஸ் நகரில் இருந்த அப்ரோடைட்டி சிலையைப் பேரரசர் கரகல்லா, அவர் மனைவி புளாட்டில்லா பெயர் கொண்ட நிடோஸ் காசு காட்டுகிறது. பயணி பவுசேனியஸ் எழுத்தில் வர்ணித்ததைக் காசுகளில் தேடிப் பொருத்திப் பார்க்கும் வேலையை நாணய ஆய்வாளர்கள் இம்ஹூஃப்-புளூமரும் பெர்சி கார்ட்னரும் 1880-களிலேயே செய்துவிட்டார்கள்.

கொரிந்துக் காசில் ஒரு சிறுவன் டால்பின்மேல் படுத்திருப்பான், பக்கத்தில் பைன் மரம். அவன் மெலிகெர்தெஸ். தாய் இனோ அவனைத் தூக்கிக்கொண்டு கடலில் குதித்தாள். டால்பின் உடலைக் கரைசேர்த்தது. அவன் நினைவாக இஸ்த்மிய விளையாட்டுகள் தொடங்கின. அந்தப் பைன் மரத்தைக் கடலோரத்தில் பார்த்ததாக பவுசேனியஸ் எழுதியிருக்கிறார். இஸ்த்மியாவில் அவன் கோயிலின் அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. மேலே வட்டமாகத் தூண்கள் நின்றன என்பதைக் காசுதான் சொல்கிறது.

அலெக்சாந்திரியாக் காசுகள் ஏன் தனியாகப் பேசப்படுகின்றன?

அலெக்சாந்திரியா எகிப்தின் நகரம். எகிப்துக்கெனத் தனிப் பணமுறை இருந்தது. காசுகளில் பேரரசரின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருப்பதால் எந்த ஆண்டு என்று தெளிவாகச் சொல்ல முடியும். அந்தோனினஸ் பயஸ் காலத்துப் பெரிய வெண்கலக் காசுகளில் ஹெராக்ளீஸின் சாகசங்கள், விலங்குகள் சூழ யாழ் மீட்டும் ஓர்ஃபியஸ், மூன்று தேவியரில் அழகி யார் என்று டிராய் இளவரசன் பாரிஸ் சொன்ன தீர்ப்பு, ராசிச் சின்னங்கள் என்று வரிசையாக வருகின்றன. அவருடைய இரண்டாம் ஆட்சியாண்டில் (138/139) ஃபீனிக்ஸ் பறவையும் “ஏயோன்”, அதாவது ஊழி, என்ற சொல்லும் வந்தன. சிரியஸ் விண்மீனை வைத்து எகிப்தியர் கணித்த 1,460 ஆண்டுச் சுற்று அப்போது புதிதாகத் தொடங்கியது.

உருவத்தை எப்படி அடையாளம் காண்பது?

கையில் என்ன, காலடியில் என்ன என்று பாருங்கள். நம் கோயில் சிற்பத்தில் வேலைப் பார்த்ததும் முருகன் என்கிறோமே, அதே முறை. கதாயுதமும் சிங்கத்தோலும் என்றால் ஹெராக்ளீஸ். பாம்பு சுற்றிய தடி என்றால் மருத்துவத் தெய்வம் அஸ்க்லேபியஸ், பாம்புக்குக் கிண்ணத்தில் உணவூட்டும் பெண் நலத்தின் தேவி ஹைஜியா. தலையில் கோட்டைமதில் கிரீடம் என்றால் ஊரின் நற்பேறான டைக்கி. தோளுக்குப் பின்னால் பிறை இருந்தால் மென் என்ற அனத்தோலிய (இன்றைய துருக்கிப் பகுதி) நிலவு தெய்வம். கவிழ்ந்த குடத்தில் முழங்கையூன்றிச் சாய்ந்திருக்கும் ஆண் ஆற்றுத் தெய்வம். ஆற்றை ஆணாகப் பார்ப்பது நமக்குக் கொஞ்சம் புதிதாக இருக்கும். அப்புறம் ஊர்ப் பெயரைப் படியுங்கள். கிரேக்க எழுத்துகள் 24தான், ஒரு வாரத்தில் பழகிவிடும். பெயர் பெரும்பாலும் “ஓன்” என்ற ஒலியில் முடியும்.

காசின் நடுவில் குழி இருக்கிறதே, யாராவது துளைக்கப் பார்த்தார்களா?

இல்லை. அச்சடிக்கும் முன் வெற்றுத் தகட்டைச் சீராக்கிய கருவியின் முனை பதிந்த தடம் அது. பால்கன் பகுதிக் காசுகளிலும் அலெக்சாந்திரியாக் காசுகளிலும் அடிக்கடி பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் கிடைக்கும் ரோமானியக் காசுகள் இவைதானா?

அவை வேறு. இங்கே புதையலாகக் கிடைத்தவை பெரும்பாலும் பேரரசின் தங்க, வெள்ளிக் காசுகள். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 தங்கக் காசுகள் ஓர் உதாரணம். அவற்றில் பலவற்றில் பேரரசர் முகத்தின்மேல் உளிவெட்டு உண்டு. கரூர், மதுரை, இலங்கை ஆகிய இடங்களில் கிடைக்கும் மிகச்சிறிய செப்புக்காசுகள் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அப்போது ஊர்க்காசு முறையே முடிந்துவிட்டது. கடல் கடந்த வணிகத்துக்குப் பொன்னின் எடை பேசும். அபாமியாவின் சில்லறைக்கு அபாமியாவிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் மதிப்பு.

ஏன் நின்றுபோயின?

மூன்றாம் நூற்றாண்டில் பேரரசு தன் வெள்ளிக் காசில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனது. 260-களில் அது வெள்ளிப்பூச்சுப் பூசிய செம்பு ஆகிவிட்டது. விலைகள் ஏறின. பெரிய காசே செம்பாகிவிட்டபோது, ஊர் தன் செலவில் சில்லறை அடிப்பதில் பொருள் இல்லை. சிறிய ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கியில், பெர்கே நகரம் பேரரசர் தாசிட்டஸ் காலம் (275–276) வரை தாக்குப்பிடித்தது. இவர் மேலே சொன்ன வரலாற்றாசிரியர் அல்லர். அலெக்சாந்திரியா இன்னும் இருபது ஆண்டுகள் ஓட்டியது.

புளி போட்டுத் துலக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். என் முதல் காசை, வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்கும் நினைப்பில், புளியால் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் பச்சைக் களிம்பு போய்ச் சிவந்த செம்பு தெரிந்தது. அதீனாவின் முகமும் அதோடு போய்விட்டது. பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த காசில், பழைய மேற்பரப்பே அந்தக் களிம்பாக மாறியிருக்கும். முகமும் எழுத்தும் அதில்தான் இருக்கின்றன. அதைத் தேய்ப்பது உருவத்தையே தேய்ப்பது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, பல்குத்தும் மரக்குச்சியால் மண்ணை மட்டும் மெல்ல நீக்கலாம். வெளிறிய பச்சைத் தூள் உதிர்ந்தால் அது உப்பால் வரும் அரிப்பு; கடற்கரை ஊர்களில் வேகமாகப் பரவும். அந்தக் காசைத் தனியே எடுத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள்.

வாங்கலாமா?

எங்கிருந்து, எப்போது வெளியே வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். துருக்கியில் மண்ணிலிருந்து கிடைக்கும் தொல்பொருள் அரசுடைமை. 1983-ஆம் ஆண்டின் 2863-ஆம் எண் சட்டம் வெளியே கொண்டுபோவதைத் தடுக்கிறது. திருட்டுத்தனமாகத் தோண்டிய காசு எந்தக் கட்டடத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற செய்தி என்றைக்குமாகப் போய்விடும். போலிகளும் நிறைய. அச்சடித்ததற்குப் பதில் வார்த்தெடுத்த காசில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், மேற்பரப்பில் சிறு குமிழிக் குழிகளும் தெரியும். நோவா காசு மிக அரியது. மலிவாக யாராவது நீட்டினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

வாங்காமலே பார்க்க வழி?

இருக்கிறது, நான் அதிகம் செய்வதும் அதுதான். ரோமானிய மாகாண நாணயத் தொகுப்பின் முதல் தொகுதி 1992-இல் அச்சில் வந்தது. இப்போது ஆர்பிசி ஆன்லைன் என்ற தளத்தில் ஊர், பேரரசர், உருவம் என்று எப்படி வேண்டுமானாலும் தேடி, படத்தைப் பெரிதாக்கி இலவசமாகப் பார்க்கலாம். தீருவில் தொடங்குங்கள். அந்த நாய் சங்கின் பக்கம் மூக்கை நீட்டி நிற்கும்.